ஏணைக்குள் கேட்ட நாடகம்

மாமா எழுதாத ஒரு வசனத்தை அம்மா மேடையில் பேசினாள். அதைப் பேசியது நாடகத்தில் வந்த பெண்ணா, என் அம்மாவேதானா? எனக்கு அப்போது ஆறு வயது. இப்போது என் மகளுக்கே நாலு வயதாகிறது. இன்னும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்டால் அம்மா, "நானா? அப்பிடியா சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போய்விடுகிறாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பகலில் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் வந்து நாடகம் போடுவார். புராணம் கிடையாது, ராஜா ராணி கிடையாது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற சின்னச் சின்னப் புது நாடகங்கள். அவரும் அவருடைய சிநேகிதர்களும் எழுதியவை. எங்கள் தெருவுக்குப் பின்னால் டுடோரியல் காலேஜாக இருந்து மூடிப்போன ஒரு கட்டடத்தின் மாடிதான் அரங்கம். பழைய டெஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஜமக்காளம் விரித்தால் மேடை. கல்யாண வீடியோ எடுப்பவரிடம் இரவல் வாங்கிய இரண்டு விளக்குகள். முன்னால் பாய், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். நூறு பேர் வந்துவிட்டால் படிக்கட்டில்கூட இடம் இருக்காது.

எங்கள் பக்கத்தில் அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார்கள். நெசவுத் தெருக்களில் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கை ஓய்ந்திருக்கும். அதனால் மாமா நாடகத்துக்கு அமாவாசைச் சாயங்காலத்தைத்தான் பிடிப்பார். "நாளு கெழம பாத்து ஜனங்கள அழுவ வெக்கிறான் உன் தம்பி" என்பாள் அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, நாங்கள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறோம் என்று பார்த்து, குறைகளைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போவாள்.

அந்த முறை நடிக்க வேண்டிய பெண்ணுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மேடை வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அமாவாசைக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாமா நேராக எங்கள் சமையலறைக்கு வந்து, "அக்கா, நீதான் வரணும்" என்று நின்றார். அம்மா பள்ளிக்கூட நாட்களில் நடித்துப் பரிசு வாங்கியவள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"கைக்கொழந்தைய வெச்சுக்கினு நானாடா?" என்றாள் அம்மா. ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

அப்பாவிடம் கேட்டார்கள். அவர் தறியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒரு நாளுதானே, போயிட்டு வரட்டும்" என்றார். அத்தை மட்டும், "ஏம்மா, மொகத்துக்கு ரோஸ் பவுடரு நான் வாங்கியாந்து தரட்டா?" என்று கேட்டாள். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே வசனம் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

கதை சின்னது. ஒரு பெண்ணுக்கு எங்கோ தூரத்து ஊரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. கைக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. விடியற்காலை பஸ். குழந்தை ஏணையில் தூங்குகிறது. புடவையைக் கட்டித் தொங்கவிடும் தூளியைத்தான் நாங்கள் ஏணை என்போம். அவள் ஏணையை ஆட்டிக்கொண்டே குழந்தையிடம் பேசுகிறாள், பாடுகிறாள், பிறகு பையை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போய்விடுகிறாள். மேடையில் ஏணை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. விளக்கு அணைகிறது. அவ்வளவுதான்.

சிக்கல் ஏணையில் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது, காலியாகவே கட்டிவிடலாம் என்றார் மாமா.

"வெறும் ஏணைய நான் ஆட்ட மாட்டேன்" என்றாள் அம்மா.

வெறும் ஏணையை ஆட்டினால் அதில் தூங்குகிற பிள்ளைக்கு ஆகாது. எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். அறிவியல் வாத்தியாருக்கு மட்டும் தெரியாது.

"அக்கா, அது வெறும் துணிக்கா."

"பெத்து வளத்துப் பாரு, அப்புறம் சொல்லு துணின்னு."

"சரி, உள்ள ஒரு தலகாணி வெச்சிடறேன்."

"தலகாணி புள்ளையாடா?"

மாமா ஊசல் தத்துவம் வரைக்கும் விளக்கிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. கைக்குழந்தையாக இருந்த என் தம்பியைப் போடலாம் என்றால் அவன் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தாலே அலறுவான். நாடகத்துப் பிள்ளையோ தூங்க வேண்டும். கடைசியில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஒல்லியாக இருந்தேன், சொன்னபடி கேட்பேன். அந்தத் தகுதிகளுக்காக எனக்கு வேடம் கிடைத்தது. அசையக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது. இதுதான் எனக்குக் கொடுத்த பயிற்சி.

அமாவாசைச் சாயங்காலம், தம்பியின் ஏணைப் புடவையையே கொண்டுபோய், அம்மா தன் கையால் மாடியின் இரும்பு உத்தரத்தில் கட்டினாள். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிறகு என்னைத் தூக்கி உள்ளே வைத்து, "கால மடக்கிக்கோ கண்ணு" என்று துணியை மூடினாள். வெளியே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், குழந்தைகளின் அழுகை, "தள்ளி ஒக்காரும்மா, மறைக்குது" என்ற சண்டை எல்லாம் கேட்டது. திரை விலகியது. விளக்கைப் போட்டார்கள்.

உள்ளே இருந்தால் ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். விளக்கு எரிந்ததும் என்னைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சின்ன வீடு உண்டானது. நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் இழை இழையாகத் தெரிந்தன. தறி வீட்டில் பிறந்தவள்தான் நான். ஆனாலும் ஒரு துணிக்குள்ளேயே இருந்துகொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே அதைப் பார்த்தது அன்றுதான். அந்தத் துணியின்மேல் ஒரு நிழல் வந்து நின்றது. பேசியது.

அது அம்மாவின் குரல்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் குரல் இருந்ததில்லை. வீட்டில் அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து தறி வரைக்கும் வரும். அவ்வளவுதான் அதன் எல்லை. இதுவோ பின்சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தது. கத்தவே இல்லை. என்னைத் தூங்கவைக்கும்போது பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசினாள். இவ்வளவு பெரிய குரலை அம்மா இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. யாரோ ஒருத்தி என் அம்மாவின் கைகளைக் கொண்டு என்னை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் அடங்கிப்போனது. தெருவில் பாவு நூலை நீட்டிக் காயவைத்திருக்கும்போது சட்டென்று வானம் கறுத்தால், எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ச் சுருட்டுவார்களே, அந்த மாதிரி ஓர் அமைதி. அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன. அம்மா பாட்டை முடித்தாள். ஏணையை ஒரு முறை நன்றாக ஆட்டிவிட்டாள். துணியின்மேலிருந்து நிழல் மெல்ல விலகிப் போனது. பலகையில் காலடிச் சத்தம் கதவு வரைக்கும் போயிற்று.

அங்கே நின்றுவிட்டது.

ஒத்திகையில் அம்மா நின்றதே இல்லை.

பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. "போவாதம்மா! பச்சப் புள்ளமா அது!"

"ஏன் போவக் கூடாது? ஆம்பள துபாய்க்குப் போனா மட்டும் பஸ்ஸு ஸ்டாண்டு வரிக்கும் போயி வழியனுப்பறே?" இது இன்னொருத்தி.

"அவன் இன்னா பாலா குடுக்கறான்?"

ஒரே சிரிப்பு. "நாடகம் நடந்துக்கினு இருக்குது, கம்முனு இருங்கம்மா" என்று யாரோ பெரியவர் அதட்டினார். யாரும் கேட்கவில்லை. அந்தச் சந்தடியில், எனக்கு மிக அருகிலிருந்து, மிக நன்றாகத் தெரிந்த ஒரு குரல் எழுந்தது.

"நீ கெளம்பு கண்ணு! பஸ்ஸு போயிடப் போவுது. புள்ளைய நாங்க பாத்துக்கறோம்!"

அத்தை.

"ஆமாம்மா, நாங்க இருக்கறோம், நீ போ" என்று பின்னால் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. நான் ஏணைக்குள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள இத்தனை பேரா! முகம் தெரியாதவர்களெல்லாம் என்னைத் தங்களிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். மாடி முழுக்க எனக்கு அம்மாக்கள். அதைப்போல ஒரு பத்திரமான இடத்தில் அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை.

அப்போதுதான் கதவு பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள்.

"நெஜமா பாத்துப்பீங்களா?"

அது பின்சுவரைத் தொடுகிற குரல் இல்லை. வீட்டுக் குரலும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. யாரும் பதில் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டியிருக்கலாம். ஏணைக்குள் இருப்பவருக்குத் தலையாட்டல் கேட்காது.

கதவு மூடியது. ஏணையின் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. விளக்கு அணைந்தது. அப்புறம் எழுந்த கைதட்டலில் பலகையெல்லாம் அதிர்ந்தது. இருட்டில் இரண்டு கைகள் என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டன. அம்மாவின் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"அந்த வசனம் நான் எழுதலயேக்கா" என்றார் மாமா. கோபமா, சந்தோஷமா என்று தெரியாத குரல். மறுநாளே அதைத் தன் நாடகத்தில் சேர்த்து எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் சென்னையில் ஒரு சின்ன அரங்கத்திலிருந்து அந்த நாடகத்தைக் கேட்டார்கள். தொடர்ந்து சில வாரக் கடைசிகள். மாமா ஓடிவந்து சொன்னபோது எல்லோரும் வீட்டில் இருந்தோம். அப்பா தறியை நிறுத்தினார். அம்மா தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். அத்தைதான் முதலில் பேசினாள். "ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கினு, மெட்ராஸு மெட்ராஸுன்னு ஓடிக்கினு இருப்பாளா?"

எனக்கு அத்தைக்கு மறதி வந்துவிட்டது என்று தோன்றியது. "அத்த, நீதானே சொன்னே? நீ போ, நாங்க பாத்துக்கறோம்னு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்தாள். என் கன்னத்தைக் கிள்ளி, "அது நாடகம்டி கண்ணு. இது வூடு" என்றாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா மறுபடி தறியை ஓட்ட ஆரம்பித்தார். அம்மா தோசை வார்க்கப் போனாள். நான் ஏதோ கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் வேறொரு பெண் நடித்தாள். பாட்டும் வசனமும் அதேதான். ஏணைக்குள் தலையணை வைத்து ஆட்டினார்களாம். அதைக் கேட்டு நான் அன்று முழுக்க அழுதேன். என் வேடத்தைப் போயும் போயும் ஒரு தலையணைக்குக் கொடுத்துவிட்டார்களே! அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, "அழுவாத கண்ணு, உன்ன மாதிரி அதால படுத்துக்கினு இருக்க முடியுமா?" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். வேடம் போன அம்மாவை யார் சமாதானப்படுத்தினார்கள் என்று அந்த வயதில் நான் யோசிக்கவில்லை. சமாதானம் தேவைப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் இருக்கிறேன். மாமா ரிடையர் ஆகிவிட்டார், நாடகத்திலிருந்து ஆகவில்லை. புதிதாக ஒரு சின்ன நாடகம் எழுதி, அதில் எனக்கு ஒரு வேடம் வைத்திருக்கிறார். பஸ் கண்டக்டர் வேடம். படித்துப் பார்த்தேன், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சரி என்று சொன்னேன். மறுநாள் போன் செய்து வேண்டாம் என்றேன். சாயங்காலம் மறுபடி போன் செய்து, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். நல்ல மனிதர். ஆனால் அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, நான் முடிப்பதற்குள்ளேயே, "புள்ளைய எங்கிட்ட வுட்டுட்டுப் போ" என்றாள்.

ஆக, தடை என்று வெளியே எதுவும் இல்லை. ஒத்திகை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை. என் மகள் சாப்பிட்டு, கதை கேட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற நேரம். செருப்பைப் போடும்போது "எங்கம்மா போற?" என்று கேட்பாள். ஆபீஸ் என்றால் விட்டுவிடுவாள், அது அவளுக்குத் தெரியும். கோயில் என்றால் தானும் வருவேன் என்பாள். ஆஸ்பத்திரி என்றால் பயந்துகொண்டே விடுவாள். பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. "அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு, அதனால போறேன்" என்பதைத் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன். ஏதோ தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னால், அவளைவிட எனக்கு வேறொன்று பெரிது என்று அவள் நினைத்துக்கொள்வாளோ?

இதைப் படிக்கிறவர்களில், வேலைக்காக இல்லாமல், கடமைக்காக இல்லாமல், பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சாயங்காலத்தில் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்வந்த அம்மாக்கள் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். போகலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை. வாசலில் நின்று அந்தப் பிள்ளையிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்த ஒரு வாக்கியம் போதும். வெள்ளிக்கிழமைக்குள் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.