ஜன்னலை மூடிய வெர்னா

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய் என்றால் நார்த் கார்பினில் ஊர்க்கூட்டம். ஊர்க்கூட்டம் என்றால் வெர்னா ஸ்டானர்டுக்கு அடுப்படி. கல்யாணமாகி வெர்மாண்ட் மலைக்குள் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். அன்று விடியும்போதே அவளுக்கு முழங்கால் வலித்தது. பள்ளிக்கூட பஸ்ஸின் கிளட்சை ஆயுசு முழுக்க மிதித்த முழங்கால்; ஓய்வு பெற்ற பிறகும் கணக்குத் தீர்க்காமல் வலித்துக்கொண்டிருந்தது.

முன்னறையில் மருமகள் மார்னியும் கைக்குழந்தையும் சோபாவை விரித்துப் படுத்திருந்தார்கள். மலைமேல் அவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஆனால் அங்கே போகும் ரோட்டில் குளிர்காலத்தில் பனி தள்ளுவதை ஊர் நிறுத்திவிட்டது. போன வருஷக் கூட்டத்தில் கை தூக்கி எடுத்த முடிவு அது. 'ஒரே ஒரு வீட்டுக்காக லாரியை அவ்வளவு தூரம் ஏற்றுவதா' என்றார்கள். அந்த ஒரே வீட்டுக்காரன் லைல், வெர்னாவின் மகன், அப்போது தேசியக் காவல்படையோடு ஆப்பிரிக்காவில் ஜிபூட்டியில் இருந்தான். படையின் கெடு நீண்டுகொண்டே போக, இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவன் போகும்போது, பத்திரமாகத் திரும்பட்டும் என்று ஊர் முழுக்க மரங்களில் மஞ்சள் நாடா கட்டினார்கள். நாடா கட்டிய அதே கைகள்தான் ரோட்டை நிறுத்தவும் உயர்ந்தன. யாருக்கும் அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

இந்த வருஷம் லைலுக்குத் தபாலில் ஓட்டுச்சீட்டு போயிருந்தது. அவன் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, சீட்டு வந்துச்சு. கான்ஸ்டபிளுக்கு ஒரு பேரு, நூலகத்துக்கு ஒரு பேரு, கல்லறைக் கமிட்டிக்கு ஒரு பேரு. எதிர்த்து நிக்க ஒரு ஆளும் இல்ல. இதுல நான் யாரைத் தேர்ந்தெடுக்கறது?"

"பதவிக்குத்தான்டா சீட்டு. வரவு செலவு, ரோடு, லாரி எல்லாம் கூட்டத்துல கை தூக்கறது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா என் கை இங்க இருக்கே."

அந்த ஒரு வார்த்தை வெர்னாவைக் குளிர்காலம் முழுக்க வீடு வீடாக நடக்க வைத்தது. கையெழுத்து வாங்கி ஒரு தீர்மானத்தைக் கூட்டத்தின் நிரலில் ஏற்றினாள். இனிமேல் ஊர்ப் பணத்தையும் ரோட்டையும் பற்றிய முடிவுகளைச் சீட்டில் எடுக்க வேண்டும். அப்போதுதான் படையில் இருப்பவர்களும் கடல்கடந்து வேலை பார்ப்பவர்களும் தபாலில் ஓட்டுப் போட முடியும். நியாயமான கோரிக்கை. ஆனால் இதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு? கூட்டத்துக்கு நேரில் வந்தவர்களுக்கு மட்டும். வெளியே நிற்பவனை உள்ளே விடலாமா என்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்பது! சட்டத்துக்கு இதில் கூச்சமே இல்லை.

பள்ளிக்கூட ஜிம்தான் கூட்ட மண்டபம். மடக்கு நாற்காலிகள், சேற்றுப் பூட்ஸ்கள், நாய் வாசனை. மண்டபத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே பரிமாறும் ஜன்னல். அதற்கு இழுத்து மூடும் மரப்பலகை. உள்ளே வெர்னாவோடு சேர்த்து ஐந்து பெண்கள். மேப்பிள் பாகும் உப்புப் பன்றிக்கறியும் போட்டு விடிய விடிய வெந்த பீன்ஸ், பன், முட்டைக்கோஸ் சாலட், ஆப்பிள் வைத்துச் சுட்ட பை. ஊர் பேசும், இவர்கள் சமைப்பார்கள். ஊர் சாப்பிடும், இவர்கள் கழுவுவார்கள்.

கூட்டத் தலைவர் ஹார்லன் வீலாக். பால்பண்ணைக்காரர், நேர்மையானவர். முதலில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். தொப்பிகள் கழன்றன. படையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக ஒரு நிமிஷ மௌனம். பிறகு தொப்பிகள் தலைக்குத் திரும்பின. தட்டுகள் கலகலத்தன.

"வெர்னா, அந்த ஜன்னல்…" என்றார் ஹார்லன், வருஷா வருஷம் சொல்வது போலவே.

"மூடறேன், மூடறேன்." பேசுகிறவர்களின் குரல் எடுபட வேண்டுமே என்று வெர்னா வருஷா வருஷம் செய்வது போலவே பலகையை இழுத்து விட்டாள். அவளுடைய தீர்மானம் நிரலில் ஒன்பதாவது. வழக்கமாக ஊருக்குப் புது லாரி வாங்கும் விவகாரமே மத்தியானம் வரை இழுக்கும். சாப்பாடு முடிந்துதான் தன் முறை வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். பேச வேண்டியதைத் தாளில் எழுதி ஏப்ரன் பையில் வைத்திருந்தாள்.

"உன் பேச்சுல என்னையும் ரெண்டு வார்த்தை புகழ்ந்து வை," என்றாள் பன்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒடீல் பெர்ஜரான்.

"உன்னைப் புகழ்ந்தா பொய்ச் சாட்சின்னு பிடிச்சு உள்ள போடுவாங்க."

அந்த வருஷம் லாரியைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. பழைய லாரி செத்தே போயிருந்ததால் சண்டைக்கு இடமில்லை. பட்டியல் மளமளவென்று நகர்ந்தது. பன் போதுமா என்று தலைகளை எண்ணிவர வெளியே போன ஒடீல், முகம் செத்துத் திரும்பி வந்தாள்.

"வெர்னா. முடிஞ்சு போச்சு."

"எது?"

"உன்னோடதுதான். எழுந்து நிக்க வெச்சு எண்ணியிருக்காங்க. மூணு ஓட்டுல தோத்துப் போச்சு."

வெர்னா அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். ஐந்து ஏப்ரன்கள். ஐந்து பேரும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்.

கரண்டி கையில் இருப்பதே தெரியாமல் மண்டபத்துக்குள் போனாள். முன்வரிசையில் குழந்தையோடு நின்ற மார்னிக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் பேசினேன் வெர்னா. நீங்க உள்ளேருந்து கேட்டுட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். எண்ணும்போது வந்துடுவீங்கன்னு…"

"தலைவரே," என்றாள் வெர்னா. "அடுப்படியில அஞ்சு ஓட்டு இருக்கு. எண்ணலயே?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பீன்ஸ் வெந்துச்சா, அதைச் சொல்லு முதல்ல!" சிரிப்பு.

ஹார்லன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "வெர்னா, அடுத்த தீர்மானத்தைப் படிக்க ஆரம்பிச்சுட்டேன். ஆரம்பிச்சுட்டா முந்தினதை இந்தக் கூட்டத்துல திரும்ப எடுக்கக் கூடாது. சட்டம்."

"நாங்க பதினஞ்சு அடி தள்ளித்தானே இருந்தோம், ஹார்லன்."

"மண்டபத்துல இருக்கறவங்கதான் கணக்கு."

"ஜன்னலை மூடச் சொன்னது நீங்க."

"மூடினது நீ," என்றார் அவர். குத்திக் காட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே தொடர்ந்தார். "உன் தீர்மானம் எனக்குப் பிடிக்கல, மறைக்கல. இங்க ஒருத்தரை ஒருத்தர் கண்ணைப் பார்த்துப் பேசறோம். எதிராளி சொன்னதைக் கேட்டு மனசு மாறி உக்காந்தவங்களை நானே பார்த்திருக்கேன். தபால்பெட்டி யார் பேச்சையும் கேக்காது."

"சரி. போன வருஷம் அந்த ரோட்டை நிறுத்தினப்போ, என் மகன் கண்ணை யாரு பார்த்தீங்க?"

மண்டபம் கீழே பார்த்தது. அவள் திரும்பி நடந்தாள்.

அடுப்படியில் ஒடீல் கொதித்துக்கொண்டிருந்தாள். "அடுப்பை அணைச்சுட்டு வீட்டுக்குப் போவோம். பட்டினி கிடக்கட்டும்."

"விடிய விடிய வெந்தது. யாரு தின்கறது அவ்வளவையும்?"

வெர்னா பலகையைத் தூக்கினாள். ஏப்ரன் பையிலிருந்த தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், அதே விஷயத்துக்குச் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று எழுதினாள். இந்தக் கூட்டத்தில் திரும்ப எடுக்க முடியாது. மனுக் கொடுத்தால் இன்னொரு கூட்டம் கூட்டலாம். அதுவும் சட்டம்தான். தாளைப் பீன்ஸ் பானைக்குப் பக்கத்தில் வைத்து மேலே உப்பு டப்பாவை வைத்தாள்.

"கையெழுத்துப் போடாதவனுக்குப் பீன்ஸ் கிடையாதுன்னு சொல்லிடு," என்றாள் ஒடீல்.

"சோத்தைக் காட்டி ஓட்டுக் கேக்கறதா? அதுக்கு நம்மளை எண்ணாம விட்டவங்களே தேவலை." கரண்டியை அளந்து அளந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊற்றினாள். எதிர்த்து எழுந்து நின்றவர்களுக்கும்தான். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரு கிழவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அஞ்சு பேரை எண்ணாம விட்டது அசிங்கம். அதுக்காகத்தான். மத்தபடி நான் எதிர்ப்புதான்," என்று முறைத்தார். ஹார்லன் தட்டோடு வந்தார், படித்தார், போடாமல் போனார். வாங்கிய பீன்ஸுக்கு நன்றி சொன்னார்.

சிறப்புக் கூட்டம் ஏப்ரலில், சேறு கணுக்கால் வரை இழுக்கும் நாட்களில் நடந்தது. யாரும் சமைக்கவில்லை. ஐந்து பெண்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். அவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக வெர்னா ஊர்க்கூட்டத்தை ஆரம்பத்திலிருந்து கேட்டாள். பாதி பேச்சு உளறல். இதற்காகவா ஜன்னலை மூடினோம் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து நிற்கச் சொன்னபோது நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். எண்ணி முடிக்கும்வரை வலிக்கிற முழங்காலோடு நின்றாள். தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. யாரோ கை தட்டினார்கள். அவளுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

லைலுக்கு அந்த உரிமை உதவவில்லை. இலையுதிர்காலத்திலேயே ஊர் திரும்பிவிட்டான். அடுத்த மார்ச்சில் நேரில் வந்துதான் சீட்டுப் போட்டான். ரோட்டுக்குப் பனி தள்ளும் தீர்மானம் சீட்டிலும் தோற்றது. அவனே தன் லாரியின் முகப்பில் பனி தள்ளும் தகடு மாட்டிக்கொண்டான். மார்னியின் பெட்டிகளை மலைக்கு ஏற்றியபோது வெர்னாவின் முன்னறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

சில நாள் கழித்துப் பெட்ரோல் பங்கில் ஹார்லன் எதிர்ப்பட்டார். அவருடைய மகள் கொரின் கடற்படையில், ஜப்பான் பக்கம் ஒரு கப்பலில் இருக்கிறாள்.

"கொரின் போன் பண்ணினா," என்றார். வாயோரத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது. "தபால்ல ஓட்டுப் போட்டாளாம். எதைப் பத்தி தெரியுமா? உன் மகன் ரோட்டுக்கு எதிரா. நீ அலைஞ்சு வாங்கின உரிமை, உனக்கே ஆப்பு வெச்சா பாரு."

வெர்னா பங்கின் குழாயைக் கொக்கியில் மாட்டினாள்.

"சீட்டு கப்பலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு."

"எண்ணினாங்களா?"

"எண்ணினாங்க."

"அப்ப சரி. அவ என் பக்கம் போடணும்னா நான் அலைஞ்சேன்?"

ஹார்லனின் சிரிப்பு அடங்கியது. தொப்பியைக் கழற்றி, பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். "எல்லாரும் வந்தாங்க, சீட்டைப் பெட்டியில போட்டாங்க, போனாங்க. நின்னு பேச ஆள் இல்ல. மத்தியானம் அந்தப் பீன்ஸ் இல்லாம என்னமோ மாதிரி இருந்துச்சு, வெர்னா."

"பீன்ஸை முந்தின ராத்திரியே ஊற வைக்கணும், ஹார்லன்," என்றாள் அவள், கார் கதவைத் திறந்து முழங்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தபடி. "பெரிய பானை என்கிட்ட இருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க."