காற்றுக்குக் கட்டிய வலை

என் வீட்டுக் கொல்லையில் கீரைப் பாத்தியை ஒட்டி ஒரு வலைத் தட்டி நிற்கிறது. சட்டமாக வளைத்த அலுமினியக் குழாயில் இழுத்துக் கட்டிய, பொடிக்கண் உள்ள நெத்திலி வலை. பார்ப்பவர்கள் கோழிக்காக வைத்தது என்று நினைக்கிறார்கள். கோழிக்கும் அது உதவுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்த என் அத்தான் கோழியை நினைத்துச் செய்யவில்லை. கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும் காரில், முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிறுத்துவதற்காகச் செய்தார். ஓடும் வண்டியில் என் அக்காவின் குரல் அவர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றுக் காரைக்காலுக்குத் திரும்பியவர். அப்படித் திரும்புகிறவர்கள் எங்கள் ஊரில் வீடு கட்டுவார்கள், பிறகு அதன்மேல் மாடி கட்டுவார்கள். இவர் புதுச்சேரியில் யாரோ கழித்துவிட்ட பழைய கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிட்டால் திறந்த வண்டி. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. காசு கொடுத்து வெயிலில் காய்கிற மனுஷன் தன் வீட்டுக்காரர் ஒருவர்தான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாள். சொல்லிவிட்டு, சாயங்காலம் பூ வைத்துக்கொண்டு முதல் ஆளாய் ஏறி உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் பின் இருக்கையில் தொற்றிக்கொள்வேன். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி, திருமலைராயன்பட்டினம் வரை போய்த் திரும்புவோம். அக்கா வழியெல்லாம் பேசுவாள். பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். மீதிப் பாதியே எங்களுக்குத் தாராளமாக இருந்தது.

அப்புறம் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சிகிச்சையெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது குரல் போய், மூச்சோடு மூச்சாக ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. பேசிப் பேசியே வளர்ந்தவள் அவள். வீட்டில் யாராவது நலம் விசாரிக்க வந்துகொண்டே இருந்தார்கள், அவர்கள் முன்னால் அந்தக் குரலைக் காட்ட அவளுக்குப் பிடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டுவாள். காரில் ஏறினால்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. கூரையை மூடிக்கொண்டு போகலாமென்றால் மூச்சு முட்டுகிறது என்பாள். திறந்தால், அவள் உதடு அசைவது தெரியும், ஒரு சொல் கேட்காது. அத்தான் வண்டியை ஓரங்கட்டி, "என்ன சொன்ன?" என்பார். அவள் ஒன்றுமில்லை என்று கையசைப்பாள். ஓரங்கட்டிக் கேட்கும் அளவுக்குப் பெரிய விஷயம் எதையும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பது எனக்கு வேதனையாக இருந்தது.

அத்தான் கடலோரக் குடும்பத்துப் பிள்ளை. காற்று வருகிற பக்கம் பார்த்து மறைப்புக் கட்டினால் போதும் என்பது படகில் பழகியவர்களுக்குக் கைப்பழக்கம். அதனால் முன் கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் தகட்டை வைத்து உயர்த்தினார். பிறகு இன்னும் உயர்த்தினார். காற்று அடங்கவில்லை. ஒருநாள் அக்கா அவர் தோளைத் தட்டி, தன் கழுத்தில் சுற்றியிருந்த துண்டைக் காட்டினாள். வண்டி முன்னால் போகிறது, துண்டின் நுனி பின்னால் பறக்காமல் முன்னால் பறந்து அவள் வாயை அடைத்தது. கண்ணாடியைத் தாண்டிப் போன காற்று பின்பக்கம் இறங்கித் திரும்பி வந்து முதுகில் அடிக்கிறது. இத்தனை நாள் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

உடனே இருக்கைகளுக்குப் பின்னால் பலகை ஒன்றை நிறுத்தினார். அது டமடமவென்று அதிர்ந்து, இருந்த காதையும் அடைத்தது. அந்தச் சமயத்தில்தான் திருவேட்டக்குடியில் அவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். கம்பங்களுக்கு நடுவே வலை காயப்போட்டிருந்தார்கள். அக்கா அதற்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அத்தனை கடல்காற்றிலும் அவள் கழுத்துத் துண்டு அசையாமல் தொங்கியது. அங்கிருந்தபடியே அத்தானைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். பலகை காற்றோடு மல்லுக்கு நின்றது. வலை காற்றை உள்ளே விட்டு, வேகத்தை மட்டும் வாங்கிக்கொண்டது.

தட்டி தயாரானது. பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டார். அப்படியும் அவள் நெற்றியில் மட்டும் காற்று தட்டியது. அக்காவுக்கு நோகக் கூடாதென்று அத்தான் இருக்கையில் போட்டிருந்த இலவம்பஞ்சு மெத்தைதான் அவளைக் காற்றுக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் அவள் தலை முன் கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே இறங்கியது. இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தபோது அத்தானின் கண்கள் சிவந்திருந்தன. "கேக்குதும்மா" என்றார் என்னிடம்.

தட்டி நின்றால் பின் இருக்கைக்கு இடமில்லை. அதனால் அந்தப் பயணங்களில் நான் இல்லை. வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே போவேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும், அதைவிட நிறைய நிம்மதியாக இருக்கும். அப்படி என்னதான் பேசுகிறாள் என்று அத்தானிடம் ஒருமுறை கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்லம்மா. ரோட்டுல தெரியறதையெல்லாம் சொல்லிக்கிட்டே வருவா. ஆடு வருதுங்க, பாலம் வருதுங்கன்னு. எனக்குக் கண்ணு தெரியாத மாதிரி."

மழைக்காலம் முடிந்து சாலை காய்ந்தபோது அக்கா இல்லை. கட்டி மறுபடியும் வந்திருந்தது, இந்த முறை யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பின், அத்தான் தினமும் சாயங்காலம் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒருநாள் போன வேகத்தில் திரும்பி வந்தார். வாசலிலேயே வண்டியை நிறுத்தி, தட்டியின் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய், "ஏன் அத்தான், இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"உள்ள ரொம்ப அமைதியா இருக்கும்மா" என்றார். "தாங்கல."

தட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் கிளம்பினார். வண்டி தெருமுனை திரும்பும்போது அவர் சட்டைக் காலர் படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கொஞ்ச காலத்தில் காரையும் விற்றுவிட்டு, பிரான்சில் இருக்கும் மகனிடம் போய்விட்டார்.

இப்போது போனில் பேசுவார். உடம்பு, மழை, ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரித்துவிட்டு, கடைசியில், "வலை இருக்காம்மா?" என்பார். இருக்கு அத்தான் என்பேன். அத்தோடு வைத்துவிடுவார். போன வாரம் அவர் கேட்டபோது நான் கொல்லையில்தான் நின்றிருந்தேன். கடல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. தென்னை ஓலைகள் புரண்டன, வலைக்கு இந்தப் பக்கம் முளைக்கீரை லேசாகத்தான் ஆடியது. இருக்கு என்று சொல்லிவிட்டு, என்னவோ தோன்றி, நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். கோழி வருது அத்தான். பக்கத்து வீட்டு ஆடு வேலிகிட்ட நிக்குது. கொடியில துணி காயுது. தெருவுல மீன்காரம்மா போறாங்க.

அவர் போனை வைக்கவில்லை.