நாலு நிமிஷம்

“அண்ணா, ஆறரைக்கு வந்துடு” என்கிறார் எங்கள் அலுவலக அக்கா, போனில். அடுத்த அழைப்பில் தங்கையிடம், “நீ ஏழுக்கு வந்தாப் போதும்டி.” கணவருக்கு ஏழேகால். மகளின் பிறந்தநாளுக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார வேண்டுமென்றால் ஆளுக்கொரு நேரம் சொல்ல வேண்டும் என்பது இவர் கொள்கை. அண்ணன் எப்போதும் அரை மணி லேட், கணவர் கால் மணி முன்னாடியே ஆஜர், அவ்வளவுதான்.

அலுவலகத்திலும் இதே பிழைப்புதான். விண்வெளியில் இருக்கும் இரண்டு தொலைநோக்கிகளைச் சூரியனில் ஒரே இடத்தைப் பார்க்க வைக்க வேண்டும். ஒன்று பூமியைச் சுற்றுகிறது. மற்றது சூரியனுக்குப் பாதி வழியில், சற்றுப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. தேடுவது புறஊதா ஒளியில் பளிச்சிட்டு ஓரிரு நிமிடத்தில் அணைந்துபோகும் சிறு வெடிப்புகளை. சிறு என்றால், ஒரு நாடு கொள்ளும். சூரியனுக்கு அது கொசுக்கடி. ஒரே வெடிப்பை இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிட்டால் அது எந்த உயரத்தில் நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சூரியனுக்கு அருகிலிருக்கும் தொலைநோக்கிக்கு வெளிச்சம் நாலு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேரும். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லியே ‘நாலு நிமிஷம்’ என்று பெயர் வாங்கிவிட்டார். “கூப்பிடட்டும். அப்பவாவது மறக்காம இருப்பாங்கல்ல?”

ஆனால் வெயில் இவருக்கு ஆகாது. வாசல் தாண்டினால் குடை, கறுப்புக் கண்ணாடி. அறை ஜன்னலில் எப்போதும் திரை. பக்கத்து மேசை இன்ஜினியர் திறப்பார், இவர் மூடுவார்.

“சூரியன் பேரச் சொல்லிச் சம்பளம் வாங்கறீங்க, அத உள்ள விட மாட்டேங்கறீங்களே அக்கா.”

“வேலை வேற, வெயில் வேற தம்பி. கண்ணு கூசுது.”

ஏற்கெனவே இரண்டு முறை முயன்று இரண்டும் சொதப்பல். மூன்றாவதற்கு இரண்டு தொலைநோக்கிக்காரர்களையும் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் இவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதுவும் பொருந்தாவிட்டால் இனி யாரும் இவர் போனை எடுக்கப் போவதில்லை. அந்த நேரம் பார்த்து, குறித்த நாளுக்கு முந்தின நாள், சூரியன் பக்கமிருக்கும் தொலைநோக்கியின் பொறுப்பாளர் அழைத்தார்.

“மேடம், இடது ஓரத்துல பெருசா ஒண்ணு வெடிக்கும் போலருக்கு. அந்தப் பக்கம் திருப்பிடலாமா?”

“பெருச ஊரே பாக்கும் சார். சின்னத நாம பாக்கலைன்னா யாரு பாக்கறது?”

சொன்னபடியே பெரியது வெடித்தது. ஊரே பார்த்தது. இவர் பிடிவாதமாகக் காட்டிய மூலையில் என்ன நடந்தது என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருந்தார். அத்தனை தூரத்திலிருந்து தகவல் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த நாட்களில் இவர் கடித்துத் துப்பிய பேனா மூடிகளுக்கு அலுவலகமே சாட்சி. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வந்ததும், இரண்டு தொலைநோக்கியிலும் பதிவான, வெளிச்சம் ஏறி இறங்கும் கோடுகளைத் தனித்தனித் தாளில் அச்செடுத்தார். கணினியில் ஒரு நொடியில் முடிகிற வேலை. இவருக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து போய்த் தானே திரையை விலக்கி, ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். வெயில் இரண்டையும் ஊடுருவியது. மேல்தாளை ஒரு விரற்கடை நகர்த்தினார், சரியாக அந்த நாலு நிமிடத்துக்கு. மேடு மேட்டின்மேல் போய் உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த குட்டி மேடுகூட.

இவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அக்காவுக்கு வெயில் ஆகாதே என்று இன்ஜினியர் ஓடிவந்து திரையை இழுக்கப் போனார். தாளிலிருந்து பார்வையை எடுக்காமலே இவர் அந்தக் கையை மெல்லத் தட்டிவிட்டார்.