சின்னண்ணை கொண்டுவந்த பந்து

சுவிசிலிருந்து ஊருக்கு வந்த சின்னண்ணை பெட்டியைத் திறந்ததும் புதுப் பந்தின் தோல் மணம் வந்தது. சுன்னாகத்தில் எங்கள் வெங்காயத் தோட்டத்தின் ஓரம், பனங்குற்றிகளில் வலை கட்டிய செம்மண் வளவு நினைவில் எழுந்தது. அங்கே பொழுதுபடும்வரை ஊர் அண்ணைமாரின் கரப்பந்தாட்டம் நடக்கும். என்னையும் ஒருநாள் சேர்க்கமாட்டார்களா என்ற ஏக்கத்தோடு, கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுப்பேன். ஜெர்மனிக்கு, பிறகு பிரான்சுக்கு என்று ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்க, ஒரு பின்னேரம் சின்னண்ணை கத்தினார்.

"எடியே, ஆள் காணாது, ஒராள் குறையுது. உள்ளை வா!"

போனது யாரென்றுகூடக் கேட்காமல் ஓடிப்போய் நின்றேன்.

இப்போது அந்த வளவில் யாரோ கட்டிப் பூட்டிய மாடிவீடு இருக்கிறது. சின்னண்ணை முற்றத்தில் இறங்கிப் பந்தை என்னிடம் எறிந்தார்.

"ரெண்டு பேர்தானே, அண்ணை?"

"காணும். வா."