கிளிப்பச்சைக் கதவு

பிளாஸ்டிக் உருகும் வாசனை யாருக்கும் பிடிக்காது. எனக்கு மட்டும் கொஞ்சம் பிடிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் உட்கார்ந்து அந்த வாசனையை நான் தாராளமாகக் கிளப்பிக்கொண்டிருந்தபோது, செக்யூரிட்டிக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

"மேடம், எதுனா பத்திக்கிச்சா?"

"ஒண்ணும் பத்திக்கல. கார் கதவு விரிசல் விட்டிருக்கு, ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என் கையிலிருந்த சால்டரிங் அயர்னைப் பார்த்தார். போகும்போது வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். தேவைப்படும் என்று நினைத்திருப்பார்.

விஷயம் இதுதான். என் காரின் இடது கதவில், உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகை விரிசல் விட்டு ஆட்டம் கண்டுவிட்டது. டோர் பேட் என்பார்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டை கட்டியிருந்த ஊழியர் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வர்றதே நின்னுபோச்சு மேடம். ஸ்க்ராப்புக்குக் குடுத்துடுங்க" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கதவைத்தான் சரி பண்ணச் சொன்னேன், காரைப் பத்தி அபிப்பிராயம் கேக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு ரிவர்ஸ் கியர் ஒழுங்காக விழும்.

இந்தக் காரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய முதல் ஆள் அவர் இல்லை. நாங்கள் வாங்கிய நாளிலிருந்தே அதற்கு அந்த மரியாதைதான். நாங்கள் என்றால் நானும் ஸ்டெல்லாவும். ஆம்பூரிலிருந்து வேலைக்கு வந்த எனக்கு, முதல் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி அவள். லிங்கராஜபுரத்துக்காரி. கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள், நடுவே திட்டுவதற்கு மட்டும் ஆங்கிலம்.

எங்களுக்கு மாலை ஷிப்ட். வெளிநாட்டு ஆட்களோடு நேராகப் பேசுகிற வேலையெல்லாம் அந்த ஷிப்டில்தான். ஸ்டெல்லா அதற்கு டீம் லீட். திடீரென்று அலுவலக வேனை நிறுத்தினார்கள். கூடவே, பாதுகாப்பைக் கருதிப் பெண்கள் எல்லோரும் பகல் ஷிப்டுக்கு மாற வேண்டும் என்றார்கள். வேனை நிறுத்தியது அவர்கள், தண்டனை எங்களுக்கு. பகலில் லீட் வேலையே கிடையாது. ஸ்டெல்லாவின் இடத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்று கேன்டீனில் பேச்சு.

டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜிடம் போய் நின்றாள். "சொந்த வண்டியில வந்தா விடுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். "கண்டிஷன் நல்லா இருக்கணும்மா. திங்கட்கிழமை கொண்டா, பாத்துட்டுச் சொல்றேன்." இவர்களிடம் ஏது வண்டி என்ற தைரியம்.

அந்த வாரமே வாங்கினோம். எங்களுக்கு முன்பே பல கை மாறிய கார். ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி. ஓட்டுவது நான், வழி சொல்வது அவள். ஒரே ஒரு சங்கடம்: இடது கதவின் டோர் பேட் கழன்று, அதிலிருந்த கைப்பிடியும் வேலை செய்யாமல் கிடந்தது. உள்ளே இருப்பவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வெளியிலிருந்துதான் திறந்துகொள்ள வேண்டும். அவசரத்துக்கு உள்ளேயிருந்து திறக்காத கதவைக் காட்டிவிட்டு நல்ல கண்டிஷன் என்று யாரிடம் சொல்வது? கதவு திறந்தால் ஸ்டெல்லாவுக்கு வேலை, இல்லாவிட்டால் இல்லை.

சனிக்கிழமை, அவள் வீட்டுப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ருத்ரப்பாவிடம் கொண்டுபோனோம். அவர் டோர் பேடின் ஒரு பக்கத்தை நெம்ப, நான் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர், "பிடி, பிடி" என்றார். பிடித்தேன். "மேடம், பிடி!" என்று குரலை உயர்த்தினார். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் கத்த ஆரம்பித்தார். நானும் விசுவாசமாக நெஞ்சோடு அணைத்து இழுத்தேன். டப்பென்று பாதிப் பலகை என்னோடு வந்துவிட்டது.

"பிடி அந்த்ரே பிட்பேகு கணம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ருத்ரப்பா.

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடிப் பாவி, அவரு விடச் சொல்றாருடி!"

கன்னடத்தில் 'பிடி' என்றால் விடுங்கள் என்று அர்த்தமாம். பாட்டியின் 'ப' இல்லை, பஸ்ஸின் 'ப'. நம்முடைய 'விடு'தான் அங்கே 'பிடு' ஆகியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? பெங்களூருக்கு வந்த புதிதில் கொஞ்சம் என்பதற்குச் 'சொல்ப', அப்புறம் 'பேடா' வரைக்கும்தான் படித்திருந்தேன். அதுவும் பேடாவை வெகுநாள் இனிப்பு என்றே நினைத்து, வேண்டாம் என்று சொன்னவர்களிடமெல்லாம் கை நீட்டியவள் நான்.

ருத்ரப்பா உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். "ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற ஜே.சி. ரோடுல கூட இது சிக்காது மேடம். வண்டிய குஜிரிக்குப் போட்டுடுங்க" என்றார். குஜிரி என்றால் பழைய இரும்பு. அதற்குள் ஸ்டெல்லாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கைப்பிடியின் கம்பியை மட்டும் மாட்டிக் கொடுக்கச் சொன்னாள். பலகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். எப்படி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் சர்ச்சுக்குப் போய்வந்த புடவையை மாற்றக்கூட இல்லை, தெருவிலேயே பழைய பேப்பரை விரித்தாள். வீட்டில் கிடந்த சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, விரிசலின் குறுக்கே ஸ்டேப்ளர் பின்களைத் தையல் போட்டதுபோல் உருக்கி இறக்கினோம். முதல் தையலில் பலகை ஓட்டையானது. இரண்டாவதில் என் விரல். அப்புறம் கை பழகிவிட்டது. கிளிப்புகள் உடைந்த இடத்தில் வாஷர் வைத்துத் திருகாணி. மேலே ஒட்ட ரெக்சின் வேண்டுமே? சோபாவுக்கு வாங்கி மிஞ்சியது இருந்தது. கிளிப்பச்சை நிறம். சாம்பல் நிறக் காருக்குள் கிளிப்பச்சைக் கதவு. தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "என்ன ஸ்டெல்லா, கார்ல தோட்டமா?" என்றார் ஒரு மாமா. "ஆமா அங்கிள், மாங்கா காச்சா தர்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கைப்பிடியை இழுத்தார். திறந்தது. சாத்தினார், மறுபடி இழுத்தார். மறுபடி திறந்தது. வேறு குறை கிடைக்காமல், "கலர் மேட்ச் ஆகலயே" என்றார்.

"ரூல்ல கலர் இருக்கா சார்?" என்றாள் ஸ்டெல்லா.

அவர் இறங்கி, அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று மாலை ஸ்டெல்லா தன் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். அடுத்த வாரத்திலிருந்து இன்னும் மூன்று பெண்கள் பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டெல்லாவின் முழங்கை மட்டும் எப்போதும் அந்தப் பச்சையின் மேல்.

இப்போது பெண்களுக்கு வாசலுக்கே கேப் வருகிறது. அந்த அலுவலகம் இல்லை, அந்த விதியும் இல்லை. இந்த மாதிரிக் கட்டுரைகளில் போனதற்கெல்லாம் பெருமூச்சு விடுவது வழக்கம். அந்த விதி ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டேன். ஒழியட்டும், நன்றாக ஒழியட்டும்.

ஆனால் கொரோனாவின் இரண்டாம் அலையில் ஸ்டெல்லா போய்விட்டாள். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பச்சைப் பலகையைத் தைத்துப் பொருத்திவிட்டேன். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தேன். கதவு உள்ளேயிருந்து சுலபமாகத் திறக்கிறது. திறந்துகொண்டு இறங்குவதற்குத்தான் ஆள் இல்லை. இல்லாவிட்டாலும் திறக்கட்டும்.