உப்பு மேல் சுட்ட குக்கீஸ்

காதலர் தினத்துக்கு முந்தைய நாள் மதியம் என் அக்கா பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குக்கரை இரவல் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டிலேயே இரண்டு குக்கர்கள் இருந்தன. இரண்டிலும் என்றைக்கோ மீன் வெந்திருக்கிறது என்பதுதான் அவற்றின் மீது அவள் சொன்ன குற்றம்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. வீடு எண்ணூரில், கடலை ஒட்டிய குப்பத்தில். அப்பா கடலுக்குப் போவார். அம்மா கருவாடு போடுவாள். மீனைக் கீறிக் குடலை எடுத்து, நீல பிளாஸ்டிக் டிரம்மில் உப்பு ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு என்று வைத்து மூடுவாள். பிறகு எடுத்து மொட்டை மாடியில் காயப்போடுவாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியாமலிருக்க மேலே ஒரு பழைய கொசுவலை விரித்திருக்கும். டிரம்முக்கு வீட்டில் வேறு இடம் இல்லாததால் கதவுக்கு உள்பக்கம், நாங்கள் செருப்பு விடும் இடத்தில் நின்றது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் நின்றது.

அக்கா கல்லூரி முடித்துவிட்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பேக்கரியில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அதிக நேரம் குளிப்பவள் அவள்தான். வேலைக்குப் போடும் துணிகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட மாட்டாள். தோழி வீட்டுக் கொடியில் காயவைத்து, பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு எடுத்துவருவாள். பெரிய மகாராணி என்று அம்மா கேலி செய்வாள். எனக்கும் அது வீண் ஆடம்பரமாகத்தான் தெரிந்தது.

பேக்கரிக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவரை அக்காவுக்குப் பிடித்திருந்தது. ராயபுரத்துக்காரர். கப்பல் ஏஜென்சி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. அந்த வருஷம் காதலர் தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வீட்டுக்கு வா, அம்மா உன்னைப் பார்க்கட்டும், அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் அப்பா மறுத்துப் பேச மாட்டார் என்று அவர் சொல்லியிருந்தார். இதை அக்கா என்னிடம் சொல்லக் காரணம், தனியாகப் போக அவளுக்குத் துணிவில்லை. துணைக்கு வருகிறவள் ஒன்றை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் அப்பா கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நான் அதைப் பலமுறை ஒப்பித்துக் காட்டினேன். பாடத்தைவிட நன்றாக வந்தது.

அம்மாவிடம், கூட்டாளிக்குப் பிறந்தநாள் என்று சொல்லப்பட்டது.

“இன்னா கூட்டாளிடி அவ?” என்றாள் அம்மா, கத்தியைக் கல்லில் தீட்டியபடி. “பேப்பர்ல, டிவில எல்லாம் அவ பொறந்த நாளத்தான் கொண்டாடினுகிறாங்க.”

அம்மா மேலே கேட்கவில்லை. ஆனால் தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்து இதுவரை பிரிக்காமல் வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

செய்யப்போவது சாக்லேட் கிரிங்கிள் குக்கீஸ். பேக்கரியில் காதலர் தின வாரத்தில் மட்டும் போடுவார்களாம். மாஸ்டர் செய்வதை அக்கா பார்த்து வைத்திருந்தாள். மைதா, கோகோ, முட்டை, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்த மாவைக் குளிர வைக்க வேண்டும். எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. அம்மா மீன் வைக்கும் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் இருந்தது. அக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மாவை இரண்டு கவர் போட்டுச் சுற்றி, தெருமுனை ஜூஸ் கடை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தாள். பாத்திரங்களைப் புளி போட்டு ஒருமுறை, எலுமிச்சம்பழத் தோல் போட்டு ஒருமுறை தேய்த்தாள். கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் கிட்டே போனால், “தள்ளி ஒக்காரு, கலீஜ் பண்ணாத” என்றாள்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் சுடும் முறை இது: காஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைக் கனமாகப் பரப்பிச் சூடேற்ற வேண்டும். அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் தட்டு. உப்பு தீனியில் படாது. சூட்டை மட்டும் பிடித்துக் கொடுக்கும். சமையலறையில் இருந்த பாக்கெட் உப்பு குக்கரின் அடியை மூடக்கூடப் போதவில்லை. அக்கா கடைக்குக் கிளம்பினாள்.

“துன்றதுலயா போடப் போற? எரிக்கத்தானே,” என்றாள் அம்மா. “புது உப்ப எதுக்கு வேஸ்ட் பண்ற? இத்த எடுத்துக்க. அலசி வெயில்ல போட்டு வச்சிகிறேன். பளபளன்னு கீது பாரு.”

கருவாடு எடுத்தபின் டிரம்மில் மிஞ்சும் உப்பை அம்மா கொட்டமாட்டாள். அலசிக் காயவைத்துத் திரும்பவும் பயன்படுத்துவாள். முறத்தில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது. அக்கா ஒரு கைப்பிடி எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். என் மூக்கில் வைத்தாள். அம்மாவும் முகர்ந்தாள். மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உப்புக்கு ஏது வாசனை? அக்கா அதையே குக்கரில் கொட்டிப் பரப்பினாள்.

மாவு உருண்டைகளை மிக்ஸியில் அரைத்த சர்க்கரைத் தூளில் புரட்டித் தட்டில் வைத்தாள். வேக வேக அவை பரந்து, வெள்ளை பிளந்து, உள்ளிருந்து கறுப்பு கோடு கோடாகத் தெரிந்தது. கோடையில் காய்ந்துபோன அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டை இப்படித்தான் வெடித்திருக்கும். நான் அதைச் சொன்னபோது அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

கடலிலிருந்து வந்த அப்பாவுக்கு முதல் தட்டிலிருந்து ஒன்று கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெடிச்சிப் போச்சே,” என்றார் வருத்தமாக. வாயில் போட்டபின், “பரவால்ல கண்ணு, நல்லாத்தான் கீது,” என்று ஆறுதல் சொன்னார். நாங்கள் சிரித்தோம். நானும் ஒன்று தின்றேன். அதைவிட நல்ல பண்டம் எதையும் நான் அதுவரை தின்றதில்லை.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் ராயபுரம் போனோம். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் அவருடைய அம்மா. கனிவான முகம். என் கன்னத்தைத் தொட்டு, எந்த வகுப்பு என்று கேட்டார். ராயபுரத்துக்காரரின் தங்கை மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல் இருந்தார்.

அக்கா டப்பாவை நீட்டினாள். தன் கையாலேயே செய்ததாகச் சொன்னாள். அந்த அம்மா மூடியைத் திறந்து குனிந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, முகம் மட்டும் சற்றுப் பின்னால் போனது. மூடியைத் திரும்பப் போட்டு, மேஜை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தார். தங்கை மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோனாள். அம்மாவைப் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டு, பால்கனி கதவைத் திறக்கப் போனாள். ராயபுரத்துக்காரர் ஒன்றை எடுத்து முழுதாக வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். பிறகு தண்ணீர் குடித்தார். “நல்லா இருக்கு,” என்றார். அதைத் தண்ணீர் டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

“எண்ணூர்ல எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார் அவருடைய அம்மா.

அக்கா எண்ணூரில் வேறொரு குடியிருப்பின் பெயரைச் சொன்னாள். அது என் வகுப்புத் தோழி குடியிருந்த இடம்.

“கடலோரமா?”

“இல்ல ஆன்ட்டி. உள்ள தள்ளி.”

அந்த அம்மா தலையசைத்தார். அப்பாவின் வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவ்வளவு ஒப்பித்ததெல்லாம் வீணாகிறதே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. டீ வந்தது. அந்த அம்மா தன் டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டார். நாங்கள் எழுந்தபோது டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர்மா. பாப்பா சாப்பிடட்டும்.”

எனக்கு ஒரே நேரத்தில் மகிழ்ச்சியாகவும் இரக்கமாகவும் இருந்தது. அந்தத் தங்கைக்குக்கூடவா? எங்களை வழியனுப்ப ராயபுரத்துக்காரர் படிக்கட்டு திரும்பும் இடம்வரை வந்தார். அதற்குக் கீழே இறங்கவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எங்கள் எதிரே காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் மடியிலிருந்த டப்பாவைக் காட்டிச் சிநேகமாகப் பேச ஆரம்பித்தார்.

“கருவாடு வாங்கினு போறியாம்மா? வாசன தூக்குது. எங்க வாங்கின? எங்க வூட்டுக்காரு இதுக்கோசரம் உசுர வுடுவாரு.”

அக்கா டப்பாவைப் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

“உங்களுக்கு வாசன வருதாக்கா?”

“வராம? ஆட்டோ பூரா அதான் கீது.”

அந்தப் பெண்மணி கடையின் பெயருக்காகக் காத்திருந்தார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கிவிட்டாள். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்மேல் ஏறி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து முகத்தை அதனுள் வைத்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இன்னா வாசன வருது? உண்மைய சொல்லு.”

“சாக்லேட்டு.”

“எனக்கும் அதான் வருது,” என்றாள்.

டப்பாவை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, “துன்னு,” என்றாள். “எல்லாத்தையும் துன்னுடனும். ஒண்ணுகூட வூட்டுக்குப் போவக் கூடாது.”

அப்பாவுக்கு இரண்டு வைக்கலாமே என்றேன். கூடாது என்றாள். அவளும் தின்ன ஆரம்பித்தாள். பார்க்காமல், மெல்லாமல், ஒன்று முடிவதற்குள் அடுத்ததை எடுத்தாள். காற்றில் சர்க்கரைத் தூள் அவள் துப்பட்டா முழுதும் பறந்து ஒட்டியது. பாப்பா சாப்பிடட்டும் என்றுதானே அந்த அம்மா கொடுத்தார், இவள் ஏன் இத்தனை தின்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போட்டி போட்டுத் தின்றேன். நடுவில், “அவங்களுக்கு அவ்ளோ சுகராக்கா?” என்று கேட்டேன்.

“ஆமா,” என்றாள். “ரொம்ப.”

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எதையும் நேராகக் கேட்காமல் டப்பாவை வாங்கினாள். லேசாக இருந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“நல்லா இருந்துச்சின்னாங்களா?”

“எல்லாரும் துன்னாங்கம்மா. காலி.”

நான் சுகரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அடுத்தவர் நோயைப் பற்றி வெளியே பேசக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். “சாக்லேட் வாசன இன்னும் போவல பாரேன்,” என்றாள். பிறகு குக்கரில் ஆறிக்கிடந்த உப்பை வழித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, அலமாரியில் தனியாக வைத்தாள். அடுத்த தபா கேப்பாங்க இல்ல, என்றாள்.

அன்று அக்கா குளித்துவிட்டு வெளியே வர வெகுநேரமாயிற்று. ராயபுரத்துக்காரர் அந்த பேக்கரிக்கு அப்புறம் வரவில்லை. அடுத்த வருஷம் அக்காவைப் பழவேற்காட்டில் ஒரு படகுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது அவளும் கருவாடு போடுகிறாள். நெடுநேரம் குளிப்பதை விட்டுவிட்டாள்.

பள்ளி முடிந்ததும் நான் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனேன். பல மாதங்கள் கழித்து மாசி மகத்துக்கு ஊருக்கு வந்தேன். கதவைத் தாண்டிக் காலை வைத்தவள் நின்றுவிட்டேன். எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். நீல டிரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் எப்போதும் போல நின்றது.

“இன்னா அங்கியே நின்னுட்ட? உள்ள வா,” என்றாள் அம்மா.

உள்ளே போனேன். அலமாரியில் அந்த பாட்டில் இன்னும் இருந்தது. அம்மா தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது மூடியைத் திருகித் திறந்து முகர்ந்தேன். உடனே மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். ராயபுரத்து வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.