மூன்று புட்டிகளை ஒன்றாக்கியவர்

அந்த சென்ட் கம்பெனிக்காரர்கள் ஒரே அண்டாவிலிருந்துதான் எல்லாப் புட்டிகளையும் நிரப்புகிறார்கள், மூடியின் நிறம்தான் வேறு என்று கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சொன்னார். அவருக்கு அவருடைய மச்சான் சொன்னானாம். மச்சானுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பருக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. கிடங்கில் பாதி காலியான பெட்டி கண்ணில் பட்டாலே அவருக்குக் கை துறுதுறுக்கும். இரண்டை ஒன்றாக்கி, காலிப்பெட்டியை வெளியே தள்ளினால்தான் சோறு இறங்கும். வீட்டு அலமாரியிலோ மனைவியின் மூன்று சென்ட் புட்டிகள். மூன்றும் இளஞ்சிவப்பு, மூன்றிலும் கால்வாசிதான் மிச்சம். முகர்ந்து பார்த்தார். பழம், பூ, சர்க்கரை. அடுத்ததும் பழம், பூ, சர்க்கரை. மனைவி குளித்து வருவதற்குள் மூடிகளைத் திருகி, ஒரு சொட்டு சிந்தாமல் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார். காலிப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். அதற்குத் தனியாகப் பாராட்டு வரும் என்று நினைத்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இடத்த மிச்சம் பண்ணேன்."

"ஒண்ணு ஆபீஸுக்கு. ஒண்ணு வெளிய போறதுக்கு. ஒண்ணு கல்யாணமான புதுசுல நீங்க வாங்கித் தந்தது."

"அத எப்ப போடுவ?"

"போடமாட்டேன். வெச்சிருந்தேன்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. பையில் துணிகளை அடுக்கினாள். வாசலில் நின்று சொன்னாள்: "நீங்க வாங்கினது எதுன்னு சொல்லுங்க, திரும்பி வர்றேன். தெரியலன்னாலும் பரவால்ல. அக்கா வீட்ல இடம் நிறைய இருக்கு. மிச்சம் பண்ணத்தான் ஆள் இல்ல."

மூன்று புட்டிகளோடும் அவர் சென்ட் கடைக்குப் போனார். கடைப்பெண் அதே மூன்று சென்ட்டையும் காகிதத் துண்டுகளில் தெளித்து நீட்டினாள். "இது பேரிக்காயும் மல்லிகையும், இது பீச்சும் ரோஜாவும், இது ஸ்ட்ராபெர்ரியும் ரோஜாவும்."

"மூணுலயும் சக்கரை கொட்டின மாதிரி இருக்கேம்மா?"

"அதுதான் சார் இப்ப ஓடுது. இந்தாங்க, காப்பிக்கொட்டை. மோந்தா மூக்கு தெளியும்."

முகர்ந்தார். "இதுதான் நல்லாருக்கு."

"அது விக்கிறதில்ல சார். மேடத்துக்கே ஒரு போனப் போட்டுக் கேளுங்களேன்."

"அவகிட்டயே கேட்டா வருவாளா?"

மூக்கு கைவிட்டதால் ஞாபகத்தைத் துழாவினார். சென்ட் வாங்கிய அன்று பஸ்ஸிலேயே அவள் பிரித்துத் தெளித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பி, "யாருங்க பேரிக்காய் நறுக்கறது?" என்று கேட்டார். இறங்கும்வரை அவள் சிரிப்பு அடங்கவில்லை. பேரிக்காயா, வேறு பழமா? பேரிக்காய்தான். எண்பது சதவீதம் பேரிக்காய்.

அந்தக் காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தள்ளி வைத்தார். பேரிக்காய் என்று சொல்லிவிட மனைவியின் எண்ணை அழுத்தினார்.

"பில் போடட்டுமா சார்?"

பொறு என்று கையைக் காட்டினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.